மென்பொருள் விற்பவரிடம் ஒரு பழைய ஷிப்மென்டைக் கொடுத்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பு புறக்கோட்டையிலும் கிராண்ட்பாஸிலும் இறக்குமதி செய்யும் நம்மவர் கடைகள் பல, பேரேட்டையும் எக்செல் தாளையும் விட்டுவிட்டுக் கணக்கு மென்பொருளுக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. மாதம் ஒரு கொண்டெய்னர் வந்த காலத்தில் முதலாளி மனக்கணக்கிலேயே விலை போட்டுவிடுவார். ஐந்தாறு வரத் தொடங்கினால் அது முடியாது. மாறுவது நல்லதுதான். ஆனால் தெரிவு செய்கிற விதம் பல இடங்களில் பிழையாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விற்க வருபவர் லெப்டொப்பைத் திறந்து, அன்றைய விற்பனையைக் கைத்தொலைபேசியில் காட்டுவார். வர்ண வரைபடமும் காட்டுவார். அவர் செய்துகாட்டும் மாதிரிக் கம்பனி உள்ளூரில் வாங்கி உள்ளூரில் விற்பது. வாங்கிய விலை பில்லிலேயே இருக்கும். இறக்குமதிக் கடையில் ஒரு சாமானின் அடக்க விலை, அதாவது எல்லாச் செலவும் சேர்ந்த விலை, எந்தப் பில்லிலும் இருக்காது. பத்துப் பதினைந்து தாள்களைச் சேர்த்தால்தான் வரும், அவையும் ஒரே நாளில் வந்து சேர்வதில்லை. மென்பொருள் இதைச் சரியாகச் செய்கிறதா என்பதுதான் முதற் கேள்வி. மற்ற எல்லாம் அதற்குப் பிறகு.

கணக்கு முழுதாக முடிந்த ஒரு பழைய ஷிப்மென்ட் ஃபைலை எடுங்கள். இன்வொய்ஸ், பெக்கிங் லிஸ்ட், பி.எல். (கப்பலில் ஏற்றியதற்கான பத்திரம்), கஸ்டெக் என்று எல்லோரும் சொல்லும் சுங்கப் பிரகடனம், வங்கியின் எல்.சி. (நாணயக் கடிதம்) அல்லது டி.டி. (வங்கி வழிப் பணமாற்று) அறிவித்தல், கிளியரிங் ஏஜன்டின் டெபிட் நோட் (சரக்கைச் சுங்கத்திலிருந்து எடுத்துத் தருபவரின் பில்), கப்பல் ஏஜன்சியின் டி.ஓ. (சரக்கை விடுவிக்கும் உத்தரவு) பற்றுச்சீட்டு, கொண்டெய்னர் டெபொசிட் பற்றுச்சீட்டு, லொறிக் கூலி, களஞ்சியத்தில் இறக்கி எண்ணிய தாள் ஆகிய எல்லாம் அதில் இருக்க வேண்டும். பிரதியெடுத்து விற்பவரிடம் கொடுத்து, "இதை உங்கள் மென்பொருளில் என் கண்முன்னே ஏற்றுங்கள்" என்று சொல்லுங்கள். ஒவ்வொரு சாமானுக்கும் அது சொல்லும் அடக்க விலையை, நீங்கள் கையால் போட்டு வைத்த விலையோடு ஒப்பிடுங்கள். வேறு கம்பனிகளுக்குக் கொடுக்கக்கூடாத விலைகள் இருந்தால் மாற்றிக் கொடுங்கள், கணக்கின் அமைப்பு மட்டும் மாறாமல் இருந்தால் போதும்.

எங்கே வித்தியாசம் வரும் என்பதை ஓர் உதாரணத்தால் காட்டுகிறேன். 40 அடிக் கொண்டெய்னர் ஒன்றில் இரண்டு சாமான்கள். எவர்சில்வர் சட்டி 2,000, ஒன்று 6 டொலர். பிளாஸ்டிக் பேசின் 8,000, ஒன்று 1 டொலர். மொத்தம் 20,000 டொலர். கப்பல் கூலி 3,000 டொலர் என்று வையுங்கள். சட்டிகள் அடுக்கிய இடம் 15 கன மீற்றர், பேசின்கள் 45 கன மீற்றர்.

கூலியைப் பெறுமதிப்படி பிரித்தால், சட்டிக்கு 60 வீதம் போய், பேசின் ஒன்றுக்கு 15 சதம்தான் விழும். டொலர் 300 ரூபா என்றால் 45 ரூபா. கொண்டெய்னரில் அடைத்த இடத்தின்படி பிரித்தால், பேசின்களுக்கு முக்கால் பங்கு போகும். ஒரு பேசினுக்கு 84 ரூபாவுக்கு மேல் வரும். கிட்டத்தட்ட 39 ரூபா வித்தியாசம். 300 ரூபா கொள்விலையுள்ள பேசினில் மொத்த வியாபாரி வைக்கும் இலாபமே சில வேளை அவ்வளவுதான். பெறுமதிப்படி பிரிக்கும் மென்பொருளை நம்பி விலை போட்டால், பேசினை நட்டத்துக்கு விற்றுக்கொண்டே சட்டியின் விலையை ஏற்றி வைத்து வாடிக்கையாளரை அடுத்த கடைக்கு அனுப்புவீர்கள். வருட முடிவில் மொத்த இலாபம் சரியாகவே தெரியும். அதனால் பிழை யார் கண்ணிலும் படாது.

ஆகவே, ஒரே ஷிப்மென்டில் ஒவ்வொரு செலவையும் வெவ்வேறு அடிப்படையில் பிரிக்க முடிய வேண்டும். கப்பல் கூலியும் லொறிக் கூலியும் கன அளவின்படி அல்லது நிறையின்படி. காப்புறுதியும் வங்கிக் கட்டணமும் பெறுமதிப்படி. சுங்கத் தீர்வையைப் பிரிக்கவே கூடாது. எச்.எஸ். கோட் (சாமான் வகைக்குரிய சுங்க இலக்கம்) ஒவ்வொன்றுக்கும் வீதம் வேறு என்பதால், கஸ்டெக்கில் ஒவ்வொரு சாமானுக்கும் உள்ள தீர்வையை அந்தந்தச் சாமானில் நேரே ஏற்ற வேண்டும். டேலி பிரைம் என்ற மென்பொருளில் கூடுதல் செலவை எண்ணிக்கைப்படியோ பெறுமதிப்படியோ ஏற்றலாம். ஓடூவில் சமமாக, எண்ணிக்கையால், பெறுமதியால், நிறையால், கன அளவால் என்று ஐந்து வழி. பிஸ்னஸ் சென்ட்ரலிலும் நிறையும் கன அளவும் உண்டு. ஓடூ எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாமான் வகையின் அடக்கவிலை முறையைச் சராசரி அல்லது முதல் வந்தது முதல் போவது என்று மாற்ற வேண்டும். தொடக்கத்தில் இருக்கும் ஸ்டாண்டர்ட் (முன்பே குறித்த நிலையான விலை) முறையிலேயே விட்டுவிட்டால் இந்தச் செலவேற்றும் வசதி வேலை செய்யாது. கன அளவு வேலை செய்ய, ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு பெட்டியின் கன மீற்றரைப் பெக்கிங் லிஸ்ட்டிலிருந்து பதிந்திருக்கவும் வேண்டும். அந்த வேலையைத் தவிர்ப்பதற்காகவே பலர் பெறுமதிப்படி பிரிப்பதோடு நின்றுவிடுகிறார்கள்.

இரண்டாவது சோதனை, பிந்தி வரும் டெபிட் நோட். பேசின்கள் 8,000-இல் 5,000 விற்றுப்போன பிறகு, கிளியரிங் ஏஜன்டின் பில் 160,000 ரூபாவுக்கு வருகிறது. ஒன்றுக்கு 20 ரூபா. சரியான கணக்கு: விற்ற 5,000-க்குரிய 100,000 ரூபா விற்பனை அடக்கத்துக்கும், மீதி 60,000 ரூபா கையிருப்புக்கும் போக வேண்டும். மலிவான மென்பொருள் முழுத்தொகையையும் மிஞ்சிய 3,000-இன் மேல் ஏற்றிவிடும். அப்போது ஒரு பேசினுக்கு 53 ரூபா கூடி, யாரும் வாங்க முடியாத விலை காட்டும். இன்னும் சில, முழுவதையும் அந்த மாதச் செலவில் எழுதிவிடும். விற்பவர் முன்னிலையில் இந்த ஒரு பதிவை மட்டும் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

அடக்க விலையில் ஏறக்கூடாதவையும் உண்டு. கொண்டெய்னர் டெபொசிட் திரும்பி வரவேண்டிய பணம். அதைச் செலவாகப் பதிந்தால், திரும்பக் கேட்கவே மறந்துபோகும். ஆவணம் பிந்தியதால் கட்டிய டெமரேஜ் (தாமதக் கட்டணம்) வழமைக்கு மாறான செலவு. எல்.கே.ஏ.எஸ். 2 என்ற இலங்கைக் கணக்கீட்டு நியமத்தின்படி அத்தகைய செலவு கையிருப்பின் விலையில் சேராது. வற் (பெறுமதி சேர் வரி) பதிவு உள்ள கடை இறக்குமதியில் கட்டிய வற் வரியை மீளக் கோரலாம் என்பதால் அதுவும் அடக்கத்தில் சேராது. ஆனால் தீர்வை, செஸ், துறைமுக விமான நிலைய அபிவிருத்தி அறவீடு, 2022 ஒக்டோபர் முதல் அறவிடப்படும் 2.5 வீத சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி ஆகியவற்றுக்கு அப்படி மீட்பு இல்லை, அவை சேரும். கஸ்டெக்கின் மொத்தத் தொகையை "சுங்கம்" என்று ஒரே கணக்கில் போடும் பழக்கத்தோடு மென்பொருளுக்கு வருபவர்கள் முதலில் இடறுவது இங்கேதான். பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு போன்றவற்றைக் கொண்டுவருபவர்களுக்கு விசேட வியாபாரப் பண்ட அறவீடு கிலோவுக்கு இத்தனை ரூபா என்று வரும். வீதத்தை நூற்றுக்கு இத்தனை என்று மட்டுமே ஏற்கும் மென்பொருள் அவர்களுக்கு உதவாது.

வீதங்களை நீங்களே, திகதி போட்டு மாற்ற முடிய வேண்டும். வற் வரி 2022 ஜூனில் 8-இலிருந்து 12 வீதமாகவும், அதே ஆண்டு செப்டெம்பரில் 15 வீதமாகவும், 2024 ஜனவரியில் 18 வீதமாகவும் ஏறியது. இருபது மாதத்துக்குள் மூன்று முறை. ஒவ்வொரு முறையும் விற்றவரை அழைத்துக் கட்டணம் கொடுத்து மாற்றுவது கட்டுப்படியாகாது. பழைய திகதியில் போட்ட பில்லைத் திறந்தால் பழைய வீதமே இருக்க வேண்டும். அதையும் சோதியுங்கள். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் ராமிஸ் என்ற இணைய வரி முறைக்கு ஏற்ற வேண்டிய அட்டவணைகளை, கஸ்டெக் இலக்கமும் திகதியும் உட்பட, மென்பொருளே எடுத்துத் தருகிறதா என்று கேளுங்கள். "எக்செலில் எடுத்துச் சரிசெய்யலாம்" என்று பதில் வந்தால், அந்த வேலை மாதாமாதம் உங்கள் கணக்காளர் தலையில்தான் விழும்.

நாணயமாற்றுக்கு வருகிறேன். ஒரே ஷிப்மென்டில் மூன்று வீதங்கள் நடக்கும். சுங்கம் அறிவிக்கும் வீதத்தில் தீர்வை கணிக்கப்படும். சரக்கு உங்கள் உடைமையான நாளின் வீதத்தில் கொள்வனவு பதியப்படும். வங்கி பணம் எடுக்கும் நாளின் வீதத்தில் கடன் தீரும். 300 ரூபாவுக்குப் பதிந்த 20,000 டொலர் கடனை, 90 நாள் டி.ஏ. (ஆவணத்தை ஏற்றுப் பின்னர் கட்டும்) தவணை முடிந்து 306 ரூபாவுக்குக் கட்டினால், 120,000 ரூபா நாணயமாற்று நட்டம். அது இலாப நட்டக் கணக்குக்குப் போகும், சரக்கின் விலையைத் தொடாது. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்டதும், 200-க்குச் சற்று மேலிருந்த டொலர் இரண்டு மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. கட்டவேண்டிய கடனை மாத முடிவில் அன்றைய வீதத்துக்கு மதிப்பிடாத கடைகளுக்குத் தாம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்பதே தெரியாமல் போயிருக்கும். டேலியில் இந்த வித்தியாசம், சரிசெய்யப்படாத நாணயமாற்று இலாப நட்டம் என்று ஐந்தொகையில் தனி வரியாக நிற்கும். ஜேர்னல் போட்டு அதை நீங்கள்தான் தீர்க்க வேண்டும். பலர் வருடக்கணக்கில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். குயிக்புக்ஸ் ஒன்லைனில் பல நாணய வசதியை ஒருமுறை திறந்தால் மூட முடியாது. ஆகவே சோதித்துப் பார்க்க வேறொரு கம்பனியைத் திறந்துகொள்ளுங்கள்.

நம் கடைகளுக்கே உரிய தேவை ஒன்று, பின்திகதியிட்ட காசோலை. வெளிநாட்டு மென்பொருளில் காசோலையைப் பதிந்ததும் வாடிக்கையாளரின் கடன் தீர்ந்ததாகக் காட்டிவிடலாம். 60 நாள் காசோலை கையில் இருக்கும்போது கடன் தீரவில்லை. அவருக்கு மேலும் கடன் கொடுக்கலாமா என்று முடிவு செய்ய அந்தத் தொகை தெரிந்தாக வேண்டும். காசோலை திரும்பி வந்தால் பழைய பில்லே மறுபடி திறக்க வேண்டும், புதிதாக ஒரு கடன் முளைக்கக் கூடாது. வாங்கிய காசோலையையே இன்னொருவருக்குக் கைமாற்றிக் கொடுக்கும் வழக்கம் இருப்பவர்கள் அதையும் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

தமிழில் பில் அடிப்பவர்கள் "கொத்தமல்லி", "வெந்தயம்", "செத்தல் மிளகாய்" என்று மூன்று பெயர்களை ஏற்றி, திரையில் அல்ல, பி.டி.எஃப். ஆக எடுத்துத் தாளில் அச்சடித்துப் பாருங்கள். கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தள்ளி நிற்பது அங்கேதான் தெரியும். சாமான் பட்டியலைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருப்பவர்கள் யுனிகோடுக்கு மாற்றாமல் ஏற்றினால், ஆங்கில எழுத்துக் குவியல்தான் மிஞ்சும்.

விலையைப் பற்றிச் சுருக்கமாக. லைசன்ஸ், ஆளுக்கான கட்டணம், நிறுவும் செலவு, மாற்றம் செய்யும் செலவு, வருடப் பராமரிப்பு என்று ஐந்தையும் தனித்தனியே எழுத்தில் வாங்குங்கள். டொலரில் கட்டவேண்டிய சந்தாவானால், மூன்று வருடத்துக்கு இன்றைய வீதத்திலும் அதைவிட 20 வீதம் கூடிய வீதத்திலும் கணக்குப் பாருங்கள். விட்டு விலகினால் தரவு முழுவதையும் எக்செலில் எடுக்க முடியுமா என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள், வாயால் சொன்னது போதாது.

மாறும் நாளை ஏப்ரல் 1 ஆக வைப்பது இலகு, நம் வரி ஆண்டு அன்று தொடங்குகிறது. மார்ச் 31 இரவு நான்கு பட்டியல்கள் தயாராக இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்த கையிருப்பு, சாமானுக்குச் சாமான் அடக்க விலையோடு. வரவேண்டிய பணம், பில்லுக்குப் பில். வெளிநாட்டுக் கடன், ரூபாவில் அல்ல, டொலரிலேயே. கையில் உள்ள காசோலைகள், திகதியோடு. கப்பலில் ஏறி இன்னும் கொழும்புக்கு வராத, ஆனால் நிபந்தனைப்படி உங்களுடையதாகிவிட்ட சரக்கை, வழியில் உள்ள சரக்கு என்று தனிக் கணக்கில் வையுங்கள். அதை விட்டுவிட்டால் கடன் மட்டும் தெரியும், சரக்கு தெரியாது. பிறகு இரண்டு மாதம் பழைய முறையும் புதியதும் சேர்ந்தே நடக்கட்டும்.

முதல் மாதத்திலேயே வரும் தொல்லை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இரவு இறக்கிய கொண்டெய்னரின் சாமானைக் காலையில் விற்றுவிடுவார்கள், களஞ்சிய வரவு பதிய மூன்று நாள் ஆகும். கையிருப்பு மைனஸில் போய், விற்ற சாமானின் அடக்கம் பூச்சியமாக நின்று, அந்த மாத இலாபம் பொய்யாகப் பெருத்துக் காட்டும். மைனஸ் கையிருப்பில் பில் போட முடியாதபடி தடுப்பை முதல் நாளே போடுங்கள். இறக்கும் இரவே, உத்தேச அடக்க விலையோடு வரவைப் பதிய ஒருவரைக் களஞ்சியத்தில் இருத்துங்கள். உண்மைச் செலவுகள் வரவர அந்த விலை திருத்தப்படட்டும்.

தங்கள் வர்த்தகப் பக்கத்தில் இந்த ஒப்பீட்டைத் தமிழில், மென்பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஷிப்மென்டைக் கொடுத்து நடத்தி வெளியிட முடியுமானால், மாற நினைக்கும் பல கடைகளுக்கு அது பேருதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
இறக்குமதிக் கணக்காளர் ஒருவர்
வெள்ளவத்தை, கொழும்பு 06