சீட் இரண்டு இருக்கட்டும்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய வண்டிப் படங்களைப் பார்த்தேன். வெள்ளை வண்டி லட்சணமாக இருக்கிறது என்கிறாள் அம்மா. எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை. எந்த வண்டியையும் அடியிலிருந்து ஒரு படம்கூட எடுக்கவில்லையே. பழைய வேனை வாங்கிக் குதிரை ஏற்றப் போகிறவள் முதலில் பார்க்க வேண்டியது அடிச்சட்டத்தைத்தான்.

கீழே படுத்துப் பார். கறுப்புப் பெயின்ட் புதிதாக அடித்திருந்தால் கூடுதலாகச் சந்தேகப்படு. ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். துரு தின்ற இடம் மொத்தென்று கேட்கும், முனையை வைத்து அழுத்தினால் உதிரும். சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவையும் படிக்கட்டுக்குக் கீழேயும் தவறாமல் தட்டு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் பளபளப்பாக இருந்தாலும் ரப்பர் வெடித்திருந்தால் அந்த டயர் வேண்டாம்.

அப்புறம் எடை. மூன்றரை டன் வண்டி என்றால் வண்டி, குதிரை, நீ, சேணம், தண்ணீர் எல்லாம் சேர்ந்து 3500 கிலோ. தடுப்பு, பலகை, ரப்பர் விரிப்பு, ஏறுபலகை எல்லாம் பொருத்திய பிறகு வெறும் வண்டியே 2500 கிலோ வந்துவிட்டால் மிச்சம் 1000. அரை டன் குதிரைகள் இரண்டை ஏற்றினால் நீ ஏற இடமில்லை. விற்கிறவர் "தாராளமாகத் தாங்கும்" என்பார். அவர் வாய்ப்பேச்சை நம்பாதே, எடைமேடையில் ஏற்றிச் சீட்டு வாங்கு. வண்டியில் பொருத்திய எடைத் தகட்டில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தாங்கும் எடையைத் தனித்தனியாகப் போட்டிருக்கும். மொத்தம் சரியாக இருந்து பின் அச்சு மட்டும் மீறுவதும் உண்டு.

எடை மிச்சமாகும், ஒரு சீட் போதும் என்று எழுதியிருக்கிறாய். ஒரு சீட்டைக் கழற்றி எத்தனை கிலோ மிச்சம் பிடிக்கப் போகிறாய்? எடை குறைய வேண்டுமானால் ஒரே குதிரையை ஏற்று. சீட் இரண்டு இருக்கட்டும்.

முரட்டுக் குதிரை, கிட்டப் போகாதே என்று எல்லோரும் ஒதுக்கிய மின்னலை நீ ஏறுபலகையில் நடத்திப் போனதை உன் பெரியப்பா இன்றும் ஊரெல்லாம் சொல்கிறார். கேட்கும்போது எனக்கும் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் அன்று தலைக்கயிற்றைப் பிடிக்க நீ இருந்தாய், பின்னால் தடுப்பைப் போட இன்னொரு ஆள் இருந்தார். தடுப்பைப் பூட்டிய பிறகுதான் தலையைக் கட்ட வேண்டும். இறக்கும்போது தலையை அவிழ்த்த பிறகுதான் தடுப்பைத் திறக்க வேண்டும். வரிசை மாறினால், கட்டிய குதிரை பின்னுக்கு இழுத்து மிரளும். நீயே எனக்குச் சொல்லிக்கொடுத்தது இது. தனியாக இருந்தால் இரண்டு வேலையையும் எந்தக் கையால் செய்வாய்?

மாப்பிள்ளைக்கு முதுகுவலி தேவலையா? கடைசி இரண்டு கடிதத்திலும் அவரைப் பற்றி ஒரு வரி இல்லை. மின்னலுக்கு லாடம் மாற்றியதை ஒரு பக்கம் எழுதுகிறாய். உன்னைப் பற்றிக் கேட்டால் சிக்னல் இல்லை என்று போனை வைத்துவிடுகிறாய். சரி, அதை விடு.

குதிரை நிற்கும் பகுதியிலிருந்து ஆள் வெளியேற ஒரு சின்னக் கதவு கட்டாயம் வேண்டும். உள்ளே நீ மாட்டிக்கொண்டால் அதுதான் வழி. காற்று வர இரண்டு பக்கமும் ஜன்னல் வை. புகைக்குழாயில் ஓட்டை இருந்தால் புகை உள்ளே வரும், எஞ்சினை ஓடவிட்டு முகர்ந்து பார். நெடுந்தூரம் போனால் நடுநடுவே நிறுத்தித் தலையைத் தாழ்த்த விடு. தலையைத் தூக்கியே கட்டி வைத்தால் சளி இறங்காமல் நுரையீரலுக்குக் கேடு. பலகையில் மூத்திரம் ஊறினால் உளுத்துப்போகும், விரிப்பைத் தூக்கிக் கழுவிக் காயவிடு.

முடிவெடுக்கும் முன் எடைச்சீட்டையும் அடிச்சட்டப் படத்தையும் எனக்கு அனுப்பு. வண்டி பார்க்கப் போகும்போது தனியாகப் போகாதே. கூட வர யாரும் இல்லையென்றால் ஒரு வார்த்தை சொல், நான் கிளம்பி வருகிறேன். ஏன், எதற்கு என்று எதுவும் கேட்க மாட்டேன். சீட் இரண்டு இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா