சுவர் மாஸும் சேலத்து எலியும்

தண்டையார்பேட்டை

அன்புள்ள குமாருக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. மழை பற்றி விசாரித்திருந்தாய். ஐப்பசியில் நன்றாகவே பெய்தது. எங்கள் தெருப் பழைய சுண்ணாம்புச் சுவரெல்லாம் மாஸ் (moss), அதாவது பாசி மாதிரி அடர்ந்து வளரும் குட்டிப் பச்சைச் செடி, படர்ந்துவிட்டது. பெரும்பாலும் ஹையோஃபிலா இன்வொலூட்டா என்ற இனமாக இருக்கும். வெயிலில் இலையைச் சுருட்டிக்கொண்டு கருகினாற்போல் கிடக்கும்; தண்ணீர் தெளித்தால் கண்ணெதிரே விரியும்.

உன் ஊரில் ஓர் அரிய உயிர் இருக்கிறது, தெரியுமா? கிரெம்னோமிஸ் எல்விரா என்ற பாறை எலி. எல்லர்மேன் என்ற விலங்கியலாளர் 1946இல் விவரித்தது. சேலம் குரும்பப்பட்டிப் பக்கம் கிடைத்தது. கிழக்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது.

வகைப்பாட்டில் இரண்டும் முதல் படியிலேயே பிரிந்துவிடுகின்றன. மாஸ் தாவர உலகம், பிரையோஃபைட்டா பிரிவு, பாட்டியேசி குடும்பம். வேர் இல்லை, தண்ணீரை மேலே கடத்தும் சைலம் திசுவும் இல்லை. நாம் பார்க்கும் பச்சைச் செடியின் செல்லில் குரோமோசோம் ஒரு செட்தான். ஸ்போர் (விதை போலப் பரவும் நுண்துகள்) தாங்கும் காம்பில்தான் இரண்டு. எலிக்கு நம்மைப் போல உடம்பெல்லாம் இரண்டு செட். அது பாலூட்டி, கொறிணி வரிசை, மியூரிடே குடும்பம். வீட்டுச் சுண்டெலிக்கும் அதே குடும்பம்தான்.

அந்த உறவுதான் அதற்கு வினையாகிவிட்டது என்று எனக்கு வருத்தம். ஐயுசிஎன் என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு, அழியும் ஆபத்தை மதிப்பிட்டு வெளியிடும் சிவப்புப் பட்டியலில் அது 'மிகவும் அருகிவரும் இனம்'. அதைத் தாண்டினால் காட்டில் அற்றுப்போவதுதான். ஆனால் நம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் எலிகளைப் பொதுவாக, காகத்தோடு சேர்த்து, பாதுகாப்பு இல்லாத தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 2022 திருத்தத்தில்தான் அந்தப் பட்டியலே நீங்கியது. அரை நூற்றாண்டு! வயலைக் கெடுக்கும் எலியையும் பாறை இடுக்கில் ஒதுங்கி வாழும் எலியையும் ஒரே பெயரில் அடக்கியது அநியாயம்.

மாஸ் கதை வேறு. உலகில் சுமார் 12,000 இனங்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றை சிவப்புப் பட்டியலுக்காக யாரும் மதிப்பிடவே இல்லை. எங்கள் சுவர் மாஸ் எங்கும் வளர்வது, அதைப் பற்றிக் கவலையில்லை. சோலைக்காட்டு மரப்பட்டையில் மட்டும் வளரும் ஒன்று மரத்தோடு போனால்? பட்டியலில் பெயர் இல்லாததைப் பார்த்து ஆபத்து இல்லை என்று எடுத்துக்கொள்கிறோம், அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரி, உன்னிடம் ஒரு வேண்டுகோள். குரும்பப்பட்டிப் பக்கம் போனால் அந்தப் பாறைக் குன்றுகள் எப்படி இருக்கின்றன, கல் உடைக்கிறார்களா, புதர்க்காடு மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து விவரமாக எழுது. பிள்ளைகளுக்கு என் அன்பு.

உன்,
செல்வம்