மண்புழுவையும் கேட்டுவிட்டு எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் ராணிப்பேட்டை மண்ணைப் பற்றி நீங்கள் போட்ட செய்தியில், 'குரோமியம் வரம்புக்குள் இருப்பதால் மண்ணில் வாழும் உயிர்களுக்குப் பாதிப்பு இல்லை' என்று ஒரு வரி வந்தது. அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. தோல் பதனிடும் ஆலைக் கழிவில் வரும் இந்த உலோகம் மண்ணில் எவ்வளவு இருக்கிறது என்பது ஒன்று, அதில் எவ்வளவு உயிருக்குள் போகிறது என்பது வேறு. உங்களுக்குத் தெரியாததா? அதில் இரண்டு வகை உண்டு: குரோமியம்-3 பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக் கிடக்கும், குரோமியம்-6 தண்ணீரோடு ஓடும், நஞ்சும் அதில்தான் அதிகம். மொத்தக் குரோமியம் என்று ஒரே எண்ணைப் போட்டால் இதெல்லாம் எங்கே தெரியும்?

அதற்காகத்தான் மண்புழுவை வைத்துச் சோதிக்கிறார்கள். மண்ணையே தின்று, தோலாலேயே மூச்சு விடும் உயிர் அது. 1984-லேயே ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு இதற்கு 14 நாள் சோதனை முறையை வகுத்துவிட்டது. அதில் புழு சாகவில்லை என்றாலும் மண் நல்ல மண் ஆகிவிடாது, முட்டைக்கூடும் குஞ்சும் குறைகிறதா என்று பார்க்க எட்டு வாரம் காத்திருக்க வேண்டும்.

விலங்கியல் படிக்கும் என் தம்பி மகள் எங்கள் வீட்டிலேயே இதில் எளிய ஒன்றைச் செய்து காட்டினாள். பிளாஸ்டிக் டப்பில் ஒரு பக்கம் மேட்டுக் கொல்லை மண், மறுபக்கம் தோல் தொழிற்சாலைத் தண்ணீர் பாய்ந்த ஓடையோரக் கழனி மண், நடுவில் ஒரு அட்டை. அட்டையை உருவிவிட்டு நடுக்கோட்டில் புழுக்களை விட்டாள். 48 மணி நேரம் கழித்துப் பார்த்தால் அத்தனையும் கொல்லை மண்ணில், கழனி மண்ணில் ஒன்றுகூட இல்லை. உப்பும் காரணமாக இருக்கலாம் என்று அவளே சொன்னாள். இருக்கட்டும், அந்தக் கழனியில் வெயில் அடித்தால் வெள்ளையாக உப்பு பூக்கத்தான் செய்கிறது. ஆனால் ஆய்வுக்கூடக் கருவி நாம் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும், புழு அந்த மண்ணில் இருக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. மழை விட்ட மறுநாள் கொல்லையில் குருணை குருணையாகப் புழு எச்சம் கிடக்கும். கழனியில் மண்வெட்டி போட்டுப் புரட்டினாலும் ஒரு புழு நெளியாது.

அரசு கொடுத்த மண்வள அட்டையில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, துத்தநாகம் என்று 12 விவரம் இருக்கிறது, குரோமியம் இல்லை. 1996-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பு சொன்னதைப் பெரிய எழுத்தில் போட்டீர்கள், அப்பா அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருந்தார், கழனி அப்படியேதான் இருக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டையில் தொண்ணூறுகளிலேயே மூடிய, குரோமியம் ரசாயனம் செய்த குரோமேட் ஆலையின் கழிவு மலையாகக் குவிந்து கிடந்ததை எத்தனை மழை கரைத்திருக்கும்? அமைச்சர் வந்தால் உங்கள் நிருபர் வருகிறார், அப்புறம் ஆளைக் காணோம். கிணற்றுத் தண்ணீர் மஞ்சளானதைப் பற்றி முன்பு நான் எழுதிய கடிதமும் வரவில்லை. வருத்தம் உண்டு, ஆனாலும் உங்கள் பத்திரிகையைத்தான் இன்னும் வாங்குகிறேன்.

கேட்பது சின்ன விஷயம். இனி 'பாதிப்பு இல்லை' என்று போடும் முன், என்ன சோதனை செய்தார்கள், மண்புழுவை விட்டுப் பார்த்தார்களா, எத்தனை நாள் பார்த்தார்கள் என்று கேட்டு அதையும் ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்றே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
ராணிப்பேட்டை மாவட்டம்