செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பேரவை உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற பேரவையின் தீர்மானப்படி, நம் அறிவியல் வாசகர் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் இவ்வாண்டு முனைவர் மயில்சாமி அண்ணாதுரையின் பணிகளைப் பற்றியே நடந்தன. கோதவாடியில் பிறந்து, அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, 1982இல் இஸ்ரோவில் சேர்ந்து, நிலவுக்கு இந்தியா அனுப்பிய முதல் கலமான சந்திரயான்-1இன் திட்ட இயக்குநரானவர் என்பது நாம் அனைவரும் அறிந்ததே. அந்தப் பொறியியல் நமக்கு எவ்வளவு விளங்கியிருக்கிறது என்று பார்க்கவே விரும்பினோம்.

ஆகஸ்ட் கூட்டம் என் மனத்தை விட்டு அகலவில்லை. 2008 அக்டோபர் 22 அன்று புறப்பட்ட சந்திரயான்-1 இரண்டாண்டுகள் உழைத்திருக்க வேண்டும். 312 நாட்களில் தொடர்பு அறுந்தது. அதற்கு முன்பே திசையறிய உதவும் நட்சத்திர உணரிகள் பழுதாகிவிட, சுழற்சியை உணரும் ஜைரோஸ்கோப் கருவிகளை நம்பிக் கலத்தை ஓட்டினார்கள். “கண் பார்வை போன பிறகு கைத்தடியைத் தட்டிக்கொண்டே நடந்ததா?” என்று பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டார். பேச்சாளர் தம் குறிப்புகளை மடித்து வைத்துவிட்டார். அந்தக் கலம் கொண்டுசென்ற நாசா கருவியின் தரவுகளே நிலவின் மேற்பரப்பில் நீர் மூலக்கூறுகள் இருப்பதைக் காட்டின.

சந்திரயான்-1 கொண்டுசென்ற, நிலவில் மோதும் கருவி 2008 நவம்பர் 14 அன்று தென்துருவத்தருகே விழுந்தது. அதே நாளில் இவ்வாண்டு நூலக மாடியில் தொலைநோக்கியை வைத்தோம். மறுநாள் பௌர்ணமி. மேகம் விலகுவதற்காகப் பிள்ளைகள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். நிலவின் டைக்கோ பள்ளத்திலிருந்து விரியும் வெண்கதிர்களை முதலில் கண்ட சிறுவன், வரிசையில் மறுபடியும் கடைசியில் போய் நின்றுகொண்டான்.

செவ்வாய்க்குச் சென்ற மங்கள்யானுக்கு ஒரே கூட்டம்தான் ஒதுக்க முடிந்தது, போதவில்லை.

அண்ணாதுரை அவர்கள் மேடையிலும் எழுத்திலும் தமிழிலேயே விளக்கி வருபவர். அவருடைய ‘கையருகே நிலா’ நூலை நான்கு அமர்வுகளில் உரக்க வாசித்தோம். கலைச்சொல் இல்லாததால் அறிவியல் தமிழில் வரவில்லை என்பதை இனி நான் ஏற்கமாட்டேன். விளங்கிக்கொண்டவருக்குச் சொல் தானாக வருகிறது. ஆகவே, பேச்சாளர்கள் திரையைப் பார்த்து வாசிக்கக் கூடாது என்ற விதியை நிரந்தரமாக்கக் கோருகிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இவ்வறிக்கையைப் பேரவை ஏற்குமாறு வேண்டுகிறேன்.

செயலாளர்