கோரிக்கை மனு: குரூப் எடுப்பதற்கு முன்பே எங்கள் பிள்ளைகளுக்கு வழிகாட்ட ஆள் வேண்டும்

அனுப்புநர்:
தலைவர் மற்றும் பெற்றோர் உறுப்பினர்கள்,
பள்ளி மேலாண்மைக் குழு,
அரசு உயர்நிலைப் பள்ளி,
பந்தலூர் வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
உதகமண்டலம், நீலகிரி மாவட்டம்.

நகல்: முதன்மைக் கல்வி அலுவலர், நீலகிரி மாவட்டம்.

பொருள்: கூடலூர், பந்தலூர் வட்டங்களின் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு, பதினொன்றாம் வகுப்புப் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கவும் மேற்படிப்பைத் திட்டமிடவும் நிலையான வழிகாட்டும் ஏற்பாடு கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம்.

எங்கள் பள்ளி பத்தாம் வகுப்பு வரைதான். மே மாதம் ரிசல்ட் வந்த கையோடு பிள்ளைகள் வேறு மேல்நிலைப் பள்ளியைத் தேடிப் போக வேண்டும். எந்தப் பள்ளி, எந்த குரூப் என்பது சில நாட்களிலேயே முடிவாகிவிடுகிறது. அந்த முடிவில் பிள்ளையின் விருப்பத்துக்குப் பெரிய இடம் இருப்பதில்லை. எந்தப் பள்ளிக்குப் பஸ் இருக்கிறது, கூடப் படித்தவள் எங்கே சேர்ந்தாள், போய் நிற்கும் நேரத்தில் எந்த குரூப்பில் இடம் மிச்சமிருக்கிறது, இவைதான் முடிவு செய்கின்றன. அடுத்த நாற்பது வருட வாழ்க்கை அந்தச் சேர்க்கைப் படிவத்தில் ஒரு கட்டத்துக்குள் எழுதப்படுகிறது. அதை எழுதுவதற்கு முன் எதைக் கேட்பது, யாரைக் கேட்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

எங்கள் தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளில் ஒரு பெண். பத்தாம் வகுப்பில் அறிவியலில் நல்ல மார்க். நர்ஸ் ஆக வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவள். அவள் போய்ச் சேர்ந்த பள்ளியில் அந்த வருடம் உயிரியலுக்கு ஆசிரியர் இல்லை, வணிகவியல் பிரிவில் இடம் இருந்தது, சேர்த்துக்கொண்டார்கள். பிளஸ் டூவிலும் நன்றாகத்தான் வாங்கினாள். நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போன இடத்தில்தான், பி.எஸ்சி. நர்சிங் சேர இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும் என்று சொன்னார்கள். அவளுடைய அப்பா அம்மா இருவரும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள், அவர்களுக்கு இது எப்படித் தெரியும்? இன்று அவள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறாள். உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் 150 இடங்களோடு வந்தது. 2025-ல் 700 படுக்கைகளோடு பெரிய மருத்துவமனையும் திறந்துவிட்டார்கள். அங்கே நர்ஸாக, லேப் டெக்னீஷியனாக நம் மாவட்டப் பிள்ளைகள் நிற்க வேண்டாமா? அதற்கான முதல் படி பத்தாம் வகுப்பு முடிந்த அந்த வாரத்தில் இருக்கிறது.

அரசு எதுவும் செய்யவில்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 2022 மார்ச் 1-ஆம் தேதி தொடங்கிய நான் முதல்வன் திறன் மேம்பாட்டுத் திட்டமும் அதன் தொடர்ச்சியான கல்லூரிக் கனவு என்ற உயர்கல்வி வழிகாட்டும் நிகழ்ச்சிகளும் எங்கள் பிள்ளைகளுக்கு உதவியிருக்கின்றன. ஆனால் எங்கள் பக்கத்தில் இந்த உதவி பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பின் கடைசியில்தான் வந்து சேருகிறது. கணிதம் எடுக்காத பிள்ளையிடம் அப்போது இன்ஜினியரிங் பற்றிப் பேசி என்ன பயன்? உயிரியல் எடுக்காதவளிடம் பி.எஸ்சி. நர்சிங் பற்றிப் பேசி என்ன பயன்? உதவியும் தேவையும் இரண்டு வருடம் தள்ளித் தள்ளி நிற்கின்றன. அதைச் சரிசெய்து தர வேண்டும் என்பதே இந்த மனுவின் சாரம்.

ஆசிரியர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வராது. வழிகாட்டும் பொறுப்பு யாரிடம் இருக்கிறதோ அவரே கணக்குப் பாடமும் எடுக்கிறார், எமிஸ் என்ற பள்ளித் தகவல் தளத்தில் பதிவும் செய்கிறார், தேர்வுப் பணிக்கும் போகிறார். கால அட்டவணையில் வழிகாட்டலுக்கு என்று ஒரு பாடவேளை இருந்தாலும், தேர்வு நெருங்கும்போது அது ரிவிஷனுக்குப் போய்விடுகிறது. அவர் நிலையில் நாங்கள் இருந்தாலும் அப்படித்தான் செய்வோம். அதனால்தான் இந்த வேலைக்கென்றே தனி ஆள் கேட்கிறோம்.

வழிகாட்டுபவர் வந்தால் என்ன சொல்வார்? இன்ஜினியரிங் கனவு இருந்தால் கணிதப் பிரிவை விடக் கூடாது என்பார். சட்டப் படிப்புக்கு எந்த குரூப்பும் தடையில்லை என்பார். பத்தாவது முடித்தவர் மூன்று வருட டிப்ளமோ படித்து, பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம் என்பார். அதற்கேற்ற பாடப்பிரிவில் பிளஸ் டூ முடித்தவர் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டிலேயே சேரலாம் என்பார். ஐ.டி.ஐ. என்றாலே படிப்பு வராதவர்கள் போகும் இடம் என்று எங்கள் ஊரில் பலர் நினைக்கிறார்கள். பத்தாவதுக்குப் பிறகு இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்து மொழித் தேர்வு எழுதினால் பிளஸ் டூவுக்கு இணையாகும், மேலே படிக்கலாம் என்பது பெற்றோருக்குத் தெரிந்தால் அந்த நினைப்பு மாறும். கூடலூர், குன்னூர் ஐ.டி.ஐ.களையும் உதகை பாலிடெக்னிக்கையும் ஒருமுறை பிள்ளைகள் நேரில் போய்ப் பார்த்தாலே பாதி தயக்கம் போய்விடும்.

இன்னொரு விஷயம், இதுதான் எங்களை அதிகம் உறுத்துகிறது. பிள்ளை நல்ல மார்க் எடுத்துவிட்டால், கடன் வாங்கியாவது பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று சில பெற்றோர் துடிக்கிறார்கள். பாசத்தில் செய்வது அது. ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்குத்தான் கல்லூரிச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கிடைக்கும். 2020-ல் மருத்துவத்துக்கு வந்தது, 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் வரை விரிந்தது. அதன்படி கவுன்சலிங்கில் பொறியியல் இடம் பெறுபவரின் கல்லூரிக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கல்லூரிக் காலத்தில் வருகிறது. கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்த்த குடும்பம் இவை அத்தனையையும் இழக்கிறது, இழந்தது கூட அதற்குத் தெரிவதில்லை. பத்தாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில் கால் மணி நேரம் இதை விளக்கினால் போதும், எத்தனையோ வீட்டு நகை அடகுக் கடைக்குப் போகாது.

எங்கள் மலையின் நிலவரத்தையும் தங்கள் பார்வைக்குக் கொண்டுவர விரும்புகிறோம். சேரம்பாடி, எருமாடு, அய்யன்கொல்லி, கொளப்பள்ளிப் பக்கத்திலிருந்து உதகைக்குப் போய்வர ஒரு நாள் முழுக்கப் போய்விடும். தோட்ட வேலைக்குப் போகும் எங்களுக்கு அது ஒரு நாள் கூலி. கவுன்சலிங் நடக்கும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது. மரம் விழுகிறது, கரண்ட் போகிறது, செல்போன் டவரும் சேர்ந்து போய்விடுகிறது. பொறியியல் கவுன்சலிங்கில் தற்காலிக ஒதுக்கீடு வந்தால் ஓரிரு நாளில் உறுதி செய்ய வேண்டும். அந்த இரண்டு நாளும் நெட் இல்லாமல் போன பிள்ளையின் நிலையை நினைத்துப் பாருங்கள். விருப்பப் பட்டியலை எப்படி நிரப்புவது என்பதும் பலருக்குப் புரிவதில்லை. கேள்விப்பட்ட இரண்டு மூன்று கல்லூரியை மட்டும் போட்டுவிட்டு, முந்தைய வருட கட்-ஆஃப் பார்க்காமல் காத்திருந்து ஏமாறுகிறார்கள். அப்புறம் ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் பொறியியல் படிக்க ஜே.இ.இ., சட்டப் படிப்புக்கான கிளாட் போன்ற தேர்வுகளுக்கு பிளஸ் டூ பரீட்சைக்கு மாதக்கணக்கில் முன்பே விண்ணப்பம் போட வேண்டும். எங்கள் பிள்ளைகளின் காதுக்கு அந்தச் செய்தி வரும்போது கடைசித் தேதி கடந்திருக்கும்.

யாரும் வழி சொல்லாத இடத்தில் ஏஜென்ட்டுகள் வந்து நிற்கிறார்கள். ரிசல்ட் வந்த மறுநாளே லைன் வீடுகளுக்கு வந்து, வெளிமாநிலத்தில் நர்சிங், பாராமெடிக்கல் சீட் என்று சொல்லி முன்பணமும் அசல் சான்றிதழ்களும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அந்தக் கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று எங்களுக்கு யாராவது சொல்லித்தர வேண்டும். அசல் சான்றிதழை எவர் கையிலும் கொடுக்காதீர்கள் என்று அரசாங்கத்தின் குரலில் ஒரு அறிவிப்பு வந்தாலே பெரிய பாதுகாப்பு.

இந்த வட்டத்தில் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து, அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயின் தோட்டங்களில் குடியமர்ந்த குடும்பங்கள் நிறைய. எங்களில் சிலருடைய அப்பாக்களும் அப்படி வந்தவர்கள்தான். பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் குடியிருப்புகளும் இங்கேயே இருக்கின்றன. பல வீடுகளில் இப்போது பத்தாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைதான் முதல் தலைமுறைப் படிப்பாளி. பழங்குடியினருக்கான சாதிச் சான்று கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வர வேண்டும், விசாரணைக்குக் காலம் ஆகும். வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று மற்றவையும் இருக்கின்றன. சேர்க்கை நேரத்தில் ஓடினால் எதுவும் கைக்கு வராது. ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளியில் முகாம் வைத்து சாதிச் சான்றை முடித்துவிட்டால் கடைசி நேர அலைச்சல் மிச்சம்.

ஆகவே தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்வது இவை. மாவட்டத்தின் நான்கு ஊராட்சி ஒன்றியங்களில் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு முழுநேர வழிகாட்டும் பணியாளரை நியமிக்க வேண்டும். பந்தலூர் பகுதியும் அடங்கிய கூடலூர் ஒன்றியம் பரந்தது என்பதால் பந்தலூருக்குத் தனியாக இன்னொருவர் வேண்டும். உதகையில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் இதற்கான அனுபவம் இருக்கிறது. அங்கிருந்து பயிற்சியோ ஆளோ தர முடிந்தால் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. பழங்குடிக் குடியிருப்புகளுக்கு, அந்த மக்களிலேயே படித்த இளைஞர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ள வேண்டும். வெளியிலிருந்து வரும் அலுவலரிடம் மனம் திறந்து பேச அந்தப் பிள்ளைகள் தயங்குவார்கள், தங்கள் ஆள் என்றால் கேட்பார்கள்.

அந்தப் பணியாளர் ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளிக்கும் அரையாண்டுத் தேர்வுக்கு முன் ஒருமுறையும், பொதுத்தேர்வு முடிந்ததும் ஒருமுறையும் வந்து, பிள்ளையையும் பெற்றோரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேச வேண்டும். அந்தக் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் வைத்துத் தாருங்கள். மற்ற நாளில் வந்தால் கூலி போகும், சாயங்காலம் வைத்தால் யானை நடமாடும் பாதையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு திரும்ப முடியாது.

எந்த மேல்நிலைப் பள்ளியில் எந்தெந்த குரூப் இருக்கிறது, அதை எடுக்க ஆசிரியர் இருக்கிறாரா, தமிழ் வழியா ஆங்கில வழியா, விடுதியில் இடம் உண்டா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, இவ்வளவும் ஒரே தாளில் தமிழில் அச்சிட்டு ஏப்ரல் மாதமே பள்ளிகளிலும் நியாயவிலைக் கடைகளிலும் ஒட்ட வேண்டும். பிள்ளைகள் குறைவு என்று ஒரு பள்ளியில் உயிரியலோ கணிதப் பிரிவோ நடத்த முடியாவிட்டால், பக்கத்துப் பள்ளியோடு பேசி, கால அட்டவணையையும் பஸ் நேரத்தையும் பொருத்தி, இரண்டு பள்ளிக்குள் ஒன்றிலாவது அந்த குரூப் நிச்சயமாக இருக்கும்படி மாவட்ட நிர்வாகம் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் கோரிக்கைகளிலேயே இதுதான் கடினமானது என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் குரூப்பே இல்லாத இடத்தில் வழிகாட்டி வந்து என்ன சொல்வார்?

மே முதல் ஆகஸ்ட் வரை கூடலூர் அரசு கலை அறிவியல் கல்லூரியில் ஒன்றும் பந்தலூரில் ஒன்றுமாக இரண்டு உதவி மேசைகள் வேண்டும். கரண்ட் போனாலும் ஓடக்கூடிய இணைப்பு, ஒரு ஸ்கேனர், விருப்பப் பட்டியல் நிரப்பத் தெரிந்த ஒருவர், இவ்வளவு இருந்தால் போதும். பத்தாம் வகுப்பிலோ பிளஸ் டூவிலோ தவறிய பிள்ளைகளையும் அந்த மேசையே தேடிப் பிடித்துத் துணைத்தேர்வு எழுதவைக்க வேண்டும். தவறியவர்களை யாரும் தேடுவதில்லை. அவர்கள் வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள், அடுத்த மாதம் கொழுந்து பறிக்கவோ கோவைக்கு வேலைக்கோ போய்விடுகிறார்கள்.

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய முடியாது என்றால், இந்தக் கல்வியாண்டில் அரையாண்டுத் தேர்வுக்கு முன் பந்தலூர் வட்டத்தின் உயர்நிலைப் பள்ளிகளில் பத்தாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்தை மட்டுமாவது தொடங்கித் தாருங்கள். எங்கள் பள்ளியில் இடம் தரத் தலைமை ஆசிரியர் சம்மதித்திருக்கிறார். வீடு வீடாகச் சொல்லிப் பெற்றோரைக் கூட்டிவருவது எங்கள் பொறுப்பு. எந்த ஞாயிறு என்று ஒரு வாரம் முன்னதாகத் தெரிவித்தால் போதும்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்கு எல்லோரும் வர முடியாததால் எங்களில் இருவர் மட்டும் இந்த மனுவை நேரில் அளிக்கிறோம். எடுக்கப்படும் நடவடிக்கையைப் பள்ளி முகவரிக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர் மற்றும் பெற்றோர் உறுப்பினர்கள்,
பள்ளி மேலாண்மைக் குழு.

இடம்: பந்தலூர்

இணைப்பு: பெற்றோர் கையொப்பப் பட்டியல்.