சிப்புக்குப் பாட்டு ஏற்றித் தருவதில்லை: ஏன் என்று கேட்டவர்களுக்கு

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

கல்லடித் தம்பிமாரும் ஆரையம்பதி அக்காமாரும் கடைக்கு வந்தால் கேட்பது இதைத்தான்: “சிப்பை, அதாவது போன் மெமரி காட்டை, தந்தால் புதுப் பாட்டெல்லாம் போட்டுத் தாறீங்களா, மற்றக் கடைகளில் போடுறாங்களே?” நாங்கள் போடுவதில்லை. வாசலில் நின்று ஒரு சொல்லில் சொன்னால் முகத்தில் அடித்த மாதிரி இருக்கிறது, அதனால் விளக்கமாக எழுதுகிறோம்.

முதலில் ஒன்று, கேட்கிற உங்களை நாங்கள் கள்ளராகப் பார்க்கவில்லை. அப்படிப் பார்த்துத்தான் அமெரிக்க இசைக் கம்பெனிகள் சனத்தின் வெறுப்பைத் தேடிக்கொண்டன. 1999இல் நாப்ஸ்டர் என்ற பாட்டுப் பகிரும் மென்பொருள் வந்தது. முன்பின் தெரியாத ஒருவரின் கணினியில் கிடக்கும் பாட்டை வீட்டிலிருந்தே காசில்லாமல் இறக்கலாம் என்றால் யார்தான் விடுவார்கள்? அந்த வருசம் டிசம்பரிலேயே வழக்குப் போட்டு 2001இல் அதை மூட வைத்தார்கள், ஆனால் கசா, லைம்வயர் என்று அதே மாதிரி அடுத்தடுத்து முளைத்துக்கொண்டே இருந்தன. அப்புறம் 2003 செப்டம்பரில் பாட்டுக் கேட்கிறவர்கள் மேலேயே வழக்கு. முதலில் மாட்டியவர்களில் நியூயோர்க்கில் ஒரு 12 வயதுப் பிள்ளையும் இருந்தாள், தாய் 2,000 டொலர் கட்டித்தான் அதைத் தீர்த்தார். இன்னொரு பெண்ணுக்கு 24 பாட்டுக்காக 2009இல் நடுவர் குழு விதித்தது 19 லட்சத்து 20 ஆயிரம் டொலர்! பிறகு குறைத்தார்கள்தான், என்றாலும் எங்கள் கணக்கில் அது அநியாயம்.

வழக்கை விடப் பெரிய வேலை செய்தது மலிவும் வசதியும். 2003 ஏப்ரலில் அப்பிள் இணையத்தில் ஒரு பாட்டை 99 அமெரிக்கச் சதத்துக்கு விற்கத் தொடங்கியது, பிறகு இணையத்திலேயே பாட்டுக் கேட்கும் ஸ்பொட்டிபை வந்தது, 2021இல் இலங்கைக்கும் வந்துவிட்டது. சினிமாப் பாட்டு வேண்டுமா, அதிலோ யூடியூப்பிலோ கேளுங்கள், அந்தச் செயலியைப் போனில் போட்டுத் தரச் சொன்னால் காசில்லாமலே செய்து தருகிறோம்.

சரி, கம்பெனிகள் செய்தது பிழை என்றால் நாங்களும் ஏற்றித் தரலாமே என்பீர்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இங்கே இருக்கிறது, அது ஒரு காரணம். எங்களுக்கு அதைவிட முக்கியம் நம்ம ஊர்ப் பாட்டுக்காரர். அம்மன் சடங்குக்குத் தாலாட்டும் காவியமும் பாடுகிறவர், வசந்தன் கூத்துப் பாட்டைப் பதிந்து வைக்க ஆசைப்படும் அண்ணாவியார் (கூத்துப் பழக்குகிறவர்), இவர்கள் ஒலிப்பதிவுக்கும் மத்தளக்காரருக்கும் சல்லரிக்காரருக்கும் சீடி உறைக்கும் கைக்காசைப் போட்டு, சில வேளை நகையை அடகு வைத்துத்தான் ஒரு சீடி போடுகிறார்கள். அதை ஒரு கடை வாங்கி ஊர் முழுக்கச் சிப்பில் ஏற்றிவிட்டால் அடுத்த சீடி வராது. பெரிய கம்பெனி அந்த நட்டத்தைத் தாங்கும், இவர்களால் முடியாது. அதனால்தான் யாருடைய பாட்டையும் ஏற்றுவதில்லை என்று ஒரே முடிவாக வைத்திருக்கிறோம், நம்ம ஊர்ச் சீடிகளை விற்ற காசும் பாடியவரின் கைக்கே போகிறது.

உங்கள் வீட்டிலே பதிந்த கசற் இருந்தால், அதாவது கலியாணம், கூத்து, அப்பச்சியின் குரல், அதைத் தாராளமாகக் கொண்டு வாருங்கள், பென் டிரைவில் மாற்றித் தருகிறோம். ஒரு மணித்தியாலக் கசற்றை ஒரு மணித்தியாலம் ஓடவிட்டுத்தான் பதியவேண்டும், நாடாவை அழுத்திப் பிடிக்கிற சின்னப் பஞ்சு கழன்றிருந்தால் கூட்டைத் திறந்து அதையும் ஒட்டவேண்டும், கூலி கொஞ்சம் கூட வருவது அதனால்தான். பூஞ்சணம் பிடித்ததை வீட்டில் ஓட்டிப் பார்க்காதீர்கள், நாடா அறுந்துவிடும். அப்படியே கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
கடைக்காரர்
மட்டக்களப்பு