காந்தத்துக்குக் கை வலிக்குமா?

திருநெல்வேலி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. ஸ்கேன் முடிவு தெரிந்த பிறகு பதில் போடலாம் என்று வைத்திருந்தேன். பயப்படும்படி ஒன்றும் இல்லை. இடுப்பில் முதுகெலும்பு வட்டு ஒன்று லேசாகப் பிதுங்கியிருக்கிறதாம். 35 வருஷம் குனிந்து உட்கார்ந்து மோட்டாருக்குக் காயில் கட்டியவனுக்கு இதுகூட இல்லையென்றால்தான் ஆச்சரியம். கடையை இப்போது பெரியவன் பார்க்கிறான். நான் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து குறை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உன் பேத்தியின் கேள்வியை நாலு நாளாக மனசில் போட்டு உருட்டுகிறேன். "ஃபிரிட்ஜில ஒட்டின காந்தம் ராத்திரி பகலா பிடிச்சிட்டே இருக்கே, அதுக்குக் கை வலிக்காதா?" ஏழு வயசில் இப்படிக் கேட்கத் தோன்றியிருக்கிறது பார். நாம் அந்த வயசில் ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி ஆற்று மணலில் இழுத்துக்கொண்டு திரிந்தோமே தவிர, ஒரு கேள்வி கேட்டோமா?

அவளிடம் இப்படிச் சொல்லு. சுவரில் ஆணி அடித்துச் சட்டையை மாட்டுகிறோம். ஆணி வருஷக்கணக்கில் தாங்குகிறது, களைப்பதில்லை. சும்மா தாங்கி நிற்பதற்குச் சக்தி செலவாகாது, நகர்த்தினால்தான் செலவு. நம் கை வலிப்பதற்குக் காரணம் வேறு: அசையாமல் பிடித்திருக்கும்போதும் தசை உள்ளே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருக்கிறது. காந்தத்துக்குத் தசை ஏது?

அடுத்து அவள் கேட்பாள், "குண்டூசியைத் தூரத்திலிருந்து இழுக்குதே, அப்ப நகர்த்துதுல்ல?" சரிதான், அங்கே வேலை நடக்கிறது. ஆனால் ஒட்டிய ஊசியை நீ பிய்த்து எடுக்கும்போது, காந்தம் செலவழித்ததை உன் கை திருப்பிக் கட்டிவிடுகிறது. நகைக்கடன் கவுன்டரில் காலம் தள்ளினவன் நீ, இந்தக் கணக்கை என்னைவிட நன்றாக விளக்குவாய்.

அதற்காகக் காந்தம் கெடவே கெடாது என்று சொல்லிவிடாதே. சூடு அதற்கு ஆகாது. இரும்பைச் சுமார் 770 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் காந்தத்தன்மை போய்விடும். இப்போது வருகிற நியோடிமியம் காந்தங்களில் சாதாரண ரகம் 80 டிகிரி தாண்டினாலே பலம் இழக்க ஆரம்பித்துவிடும். உள்ளே ஒவ்வொரு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்கும்வரைதான் மரியாதை. சூட்டில் அவை ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்ளும். காந்தத்தை எத்தனை துண்டாக உடைத்தாலும் ஒவ்வொரு துண்டுக்கும் வடமுனை, தென்முனை இரண்டும் இருப்பது, அணுவே குட்டிக் காந்தமாக இருப்பதால்தான்.

ஸ்கேன் கதைக்கு வருகிறேன். எம்ஆர்ஐ மெஷின் என்பதே ஒரு பெரிய காந்தம்தான். எம்ஆர்ஐ அறைக்கு வெளியே வாட்ச், பெல்ட், பர்ஸ் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அரைஞாணையும் கழற்றச் சொன்னான் அந்தப் பையன். "தம்பி, இது வெள்ளி. காந்தம் இழுக்காது" என்றேன் விவரம் தெரிந்தவன் மாதிரி. "இழுக்காது சார், சுடும்" என்றான். எனக்குச் சுருக்கென்றது. இடுப்பைச் சுற்றி முனை சேர்ந்த வெள்ளி வளையம் என்றால் அது ஒரே சுற்றுள்ள காயில். அதுவும் ஷார்ட் ஆன காயில்! படம் எடுக்கும்போது உள்ளே காந்தப்புலம் மாறி மாறி அடிக்கும், அது வளையத்தில் மின்சாரத்தைக் கிளப்பும். ஃபாரடே 1831இல் கண்டுபிடித்தது இதைத்தானே. ஷார்ட் ஆன காயில் எப்படிக் கருகும் என்று ஆயிரம் மோட்டாரில் முகர்ந்து பார்த்தவன் நான். எனக்கு ஒரு பொடியன் பாடம் எடுத்துவிட்டான். பேசாமல் கழற்றிக் கொடுத்தேன்.

உள்ளே படுத்ததும் சம்மட்டியால் தகரத்தில் அடிக்கிற மாதிரி சத்தம். 20 நிமிஷம் அசையக் கூடாது. அப்போதுதான் அம்மா ஞாபகம் வந்தது. வடக்கே தலைவைத்துப் படுத்தால் விளக்குமாற்றைத் தூக்குவாளே. வெளியே வந்து வெயிலை வைத்துத் திசை பார்த்தேன். சிரிக்காதே, என் தலை வடக்கே பார்த்துத்தான் இருந்திருக்கிறது.

வாட்ஸ்அப்பில் இதற்கு ஒரு விளக்கம் சுற்றுகிறதே, பூமியின் காந்தம் ரத்தத்தில் உள்ள இரும்பை மூளைக்கு இழுக்கிறது என்று. நான் படுத்திருந்த மெஷின் 1.5 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புலத்தை அளக்கும் அலகு, மைக்ரோடெஸ்லா அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). நம்மூரில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லாதான். பூமியைப் போல 35,000 மடங்குக்கும் மேல் பலமான காந்தத்துக்குள் படுத்திருந்து எழுந்து வந்து டீ குடித்தேன். ரத்தத்தில் இரும்பு உண்டு, ஆனால் அது ஆணியில் இருக்கிற மாதிரி கூட்டமாக இல்லை. ஹீமோகுளோபினில் தனித்தனி அணுவாகச் சிறைப்பட்டுக் கிடக்கிறது. ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தைக் காந்தம் மிக மிக லேசாக விலக்கும், ஆக்சிஜன் இறங்கிய ரத்தத்தை அதேபோல லேசாக இழுக்கும். பாலிங், கோரியல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1936இல் காட்டியது இது. மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று ஸ்கேனில் பார்ப்பதே இந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்துத்தான்.

அம்மா சொன்னது பொய்யா என்று கேட்காதே. அவள் காந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, அது பின்னால் வந்தவர்கள் ஒட்டியது. நான் இன்றைக்கும் வடக்கே தலைவைப்பதில்லை. அவளிடம் யார் வாங்கிக்கட்டிக்கொள்வது?

வடக்கு என்றதும் இன்னொன்று. நம் ஊர்க்காரர்கள் பெருமைப்பட ஒரு விஷயம் இருக்கிறது. காந்த ஊசியின் நடுவில் நூலைக் கட்டி லண்டனில் தொங்கவிட்டால், அது வடக்கே பார்ப்பதோடு 60 டிகிரிக்கும் மேல் தலையைக் கவிழ்த்துக்கொள்ளும். இங்கே தொங்கவிட்டால் ஏறக்குறையத் தரைக்கு இணையாகவே நிற்கும், ஏனென்றால் பூமியின் காந்த நடுக்கோடு நமக்கு அருகில் போகிறது. திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்து 1963 நவம்பர் 21இல் முதல் ராக்கெட்டை விட்டதற்கும் இதுதான் காரணம். அந்தக் கோட்டுக்கு மேலே சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் பகல் நேரத்தில் ஒரு மின்னோட்டம் ஆறு மாதிரி ஓடுகிறது, அதை அளக்க வேண்டியிருந்தது. சிற்பம் பார்க்க சைக்கிளில் போவோமே கிருஷ்ணாபுரம், அங்கேயே இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. எத்தனை பேருக்குத் தெரியும்?

கரண்ட் பில் எகிறுகிறது என்று புலம்பியிருந்தாய். பழைய சீலிங் ஃபேன் 70, 75 வாட் தின்னும், இப்போது வருகிற பிஎல்டிசி என்ற புது ரக ஃபேன் 30 வாட் பக்கம்தான் எடுக்கும். பழையதில் காந்தமே கிடையாது, சுழலும் பாகமான ரோட்டாரைக் காந்தமாக்கவும் கரண்டைத்தான் செலவழிக்க வேண்டும். புதியதில் நிரந்தரக் காந்தத்தை உள்ளேயே வைத்துவிட்டார்கள். ரிப்பேருக்குப் பிரித்தால் அந்தக் காந்தம் கப்பென்று ஸ்டேட்டரை (சுழலாத பாகத்தை) பிடித்துக்கொள்கிறது, பெரியவனுக்கு இரண்டு முறை விரல் நசுங்கியது. போர்டு போனால்தான் தலைவலி. இருந்தாலும் ஹாலுக்கு ஒன்று வாங்கிப் போடு.

பாப்பாவுக்கு ஒரு டப்பா அனுப்புகிறேன். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றும், தாமிரபரணி மணல் ஒரு பொட்டலமும் இருக்கும். அந்த மணலில் ஒட்டும் கறுப்புத்தூளை நாம் இரும்புத்தூள் என்று நினைத்திருந்தோம். அது மாக்னடைட் என்ற தாது. காந்தத்தை பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு மணலில் புரட்டச் சொல்லு. கவரை உருவினால் தூள் தானாக உதிரும். நாம் வெறும் காந்தத்தைப் புரட்டிவிட்டு, அதன் தாடியை ஒரு மே மாதம் முழுக்க சுரண்டிக்கொண்டிருந்தோம். உன் அக்காவின் பல் பிரஷ்ஷை எடுத்துச் சுரண்டியது நீதான், நான் இல்லை.

ஒன்று மட்டும் கவனம். பொம்மைக் கடையில் மணி மணியாக விற்கும் பலமான காந்த உருண்டைகளைப் பாப்பா கையில் கொடுத்துவிடாதே. இரண்டை விழுங்கினால் வயிற்றுக்குள் குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், ஓட்டையே போட்டுவிடும். நான் அனுப்புவது உள்ளங்கை அகலம், யாராலும் விழுங்க முடியாது.

அன்புடன்,
சுப்பையா